ஹெரால்டின் விளக்குகளும் போடிமெட்டுச் சாலையும்

தேனிப் பக்கத்துத் தேவாரத்திலும் கோம்பையிலும் பண்ணைப்புரத்திலும் இருள் பிரியாத நேரத்திலேயே, ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைச்சாலையை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. அவற்றுக்கு முன்னே விழுகிற வெளிச்சத்தின் தரத்தைப் பொறுத்துத்தான், உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறவர்களின் க்ஷேமம் இருக்கிறது என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஆகவே, ஒரு பழைய மோட்டாரின் விளக்குகளையும் அதன் வயரிங்கையும் ஆதியில் இருந்தபடியே சீர்செய்த விருத்தாந்தத்தைச் சற்று விஸ்தாரமாகவே எழுதினால், அதை மிகையென்று நம் வாசகர்கள் எண்ணமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு 1948-இல் சென்னையில் அமைக்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற நிறுவனம், வண்டலூரில் இருந்த தன் ஆலையில் 1961 முதல் இதைத் தயாரித்தது. கவென்ட்ரி நகரத்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டியே இது. இதன் உருவத்தை வரைந்தவர் டுரின் நகரத்துச் சிற்பியான ஜியோவான்னி மிக்கேலோட்டி. ‘இது குடும்ப வண்டிதானே, இதை எப்படி விளையாட்டுக் கார்களின் வரிசையில் வைக்கிறீர்கள்?’ என்று கேட்கிற அன்பர்கள் உண்டு. அவர்களுக்கு என் விடை இதுதான்: ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதே மிக்கேலோட்டியின் கைவண்ணத்தில் இரண்டு பேர் அமரும் திறந்த உடலை அதன்மேல் பூட்டியபோது பிறந்ததுதான், 1962-இல் வெளிவந்து உலகமெங்கும் இளைஞர்களின் நெஞ்சைக் கவர்ந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். முன்சக்கரத் தொங்கல் அமைப்பு, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட், மின்சார ஏற்பாடு ஆகிய அனைத்திலும் இரண்டும் உடன்பிறந்தவை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த அந்தக் காலத்தில் ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் அங்கே சீறிப் பாய்ந்தன. ஸ்பிட்ஃபயரை நம் ஊரில் காண்பது அரிது. ஹெரால்டு நம் மண்ணிலேயே செய்யப்பட்டது. எனக்கு ஹெரால்டே பிரியம்.

இந்த மலைக்கு இது எத்தனை பொருத்தமான வண்டி என்பதை ஓட்டிப் பார்த்தவர்களே அறிவார்கள். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். உச்சி ஏறத்தாழ 4,500 அடி உயரம். பெரிய வண்டிகள் ஒருமுறை திரும்பி, பின்வாங்கி, மறுபடி திரும்பவேண்டிய இடத்தில், 25 அடி வட்டத்துக்குள் திரும்பக்கூடிய ஹெரால்டு ஒரே வீச்சில் வளைந்து ஏறிவிடும். 948 சி.சி. இன்ஜினுக்குப் பலம் அதிகம் என்று சொல்வதற்கில்லை; ஆனால் இரண்டாவது கியரில் பொறுமையோடு ஏறுகிறவனுக்கு அது போதும். குறை முழுவதும் விளக்கில்தான் இருந்தது.

வண்டி என்னிடம் வந்தபோது அதன் வயரிங் இருந்த கோலத்தைச் சொல்கிறேன். ஏலத்தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கொட்டகையில் நெடுங்காலம் நின்றிருந்த வண்டி அது. எலிகள் ஒரு பக்கம் கடித்துவைத்திருக்க, மறுபக்கம், ஒவ்வொரு விளக்கு அணைந்தபோதும் யாரோ ஒருவர் பாட்டரியிலிருந்து நேரே ஒரு வயரை இழுத்து ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டு மின்சாரத்துக்குப் பயன்படும் மஞ்சள் வயர், ஸ்பீக்கர் வயர், எங்கிருந்தோ வந்த சிவப்பு வயர் ஆகியவையெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, கோடை வெயிலில் டேப்பின் பசை உருகிக் கையில் ஒட்டுகிற நிலையில் தொங்கின. அவசரத்துக்கு வீடு போய்ச் சேரவேண்டியவன் டைரக்ட் கொடுப்பதை நான் குற்றம் சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் அதை நீக்காமல் விட்டுவிடுகிற பழக்கமே விபரீதம்.

இவ்வளவுக்கும் அந்தக் குப்பைக்கு அடியில், துணிப் பின்னலால் சுற்றப்பட்ட பழைய வயரிங் செட் முக்கால்வாசி உயிரோடுதான் இருந்தது. அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளின் வயரிங்கில் ஓர் ஒழுங்கு உண்டு. அதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், எந்த வண்டியின் அடியில் படுத்தாலும் திசை தவறாது. பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து நேரே வருகிற மூல ஓட்டம். வெள்ளை, சாவியைத் திருப்பிய பிறகு உயிர் பெறுவது. பச்சை, அதே ஓட்டம் ஃபியூஸைக் கடந்து போவது. ஊதா எப்போதும் உயிரோடிருந்து ஃபியூஸின் காவலில் ஹாரன் முதலியவற்றுக்குச் செல்வது. சிவப்பு, பார்க் லைட்டுக்கும் பின்விளக்குக்கும் உரியது. நீலம் ஹெட்லைட்டுக்குரியது, அதிலும் நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் பிரைட், சிவப்புக் கோடு ஓடினால் டிம். பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்க இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கம், பச்சையில் ஊதாக் கோடு பிரேக் லைட். கறுப்பு எர்த். இத்தனை தெளிவாக ஒருவர் திட்டமிட்டு வைத்துவிட்டுப் போன ஏற்பாட்டை, கைக்குக் கிடைத்த மஞ்சள் வயரால் குலைப்பது எனக்குச் சகிக்கவில்லை. ஆகவே நிறத்துக்கு நிறம், கோட்டுக்குக் கோடு, பழையபடியே அமைப்பது என்று நிச்சயித்தேன்.

இனி லூகாஸ் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மிங்ஹாமில் மண்ணெண்ணெய் விற்றுத் தொடங்கி, பிரிட்டிஷ் மோட்டார்களின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருந்த ஜோசப் லூகாஸின் கம்பெனிக்கு, மேல்நாட்டுப் பழைய கார் ரசிகர்கள் ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம் சூட்டி இன்றுவரை பரிகசித்துவருகிறார்கள். ஹெரால்டு வண்டலூரில் பிறந்த அதே 1961-இல்தான், மதுரையில் வேரூன்றி வளர்ந்த டி.வி.எஸ். குழுமத்தோடு லூகாஸ் கூட்டுச் சேர்ந்து, லூகாஸ்–டி.வி.எஸ். ஏற்பட்டது, சென்னைப் பாடியில் அதன் ஆலை எழுந்தது. நம் பஸ்களும் லாரிகளும் டிராக்டர்களும் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயர் பொறித்த டைனமோவிலும் ஸ்டார்ட்டரிலும் ஓடியிருக்கின்றன. பரிகாசத்தை நான் ஏற்பதற்கில்லை. என் வண்டியில் நான் கண்ட இருளுக்குக் காரணம் லூகாஸ் செய்த உறுப்பு எதுவும் இல்லை; பல்பைத் தாண்டி வந்த மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிப்போகும் வழி அடைபட்டுக் கிடந்ததே காரணம்.

அந்த வழி ஏன் அடைபடுகிறது என்பதற்கு ஹெரால்டின் பிறப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடற்கூடு செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி.யின் வசமாகிவிட்டது, ஒரே கூடாக முழு உடலை அழுத்திச் செய்து தர வேறு ஆள் அகப்படாமையால், தனிச் சேஸிஸின்மேல் உடலைப் பல துண்டுகளாகச் செய்து போல்ட்டால் பூட்டும் முறையை ஹெரால்டுக்கு மேற்கொண்டார்கள். துண்டுகளாக அனுப்பிப் பிற தேசங்களில் பூட்டிக்கொள்ள அது மிகவும் சௌகரியமாயிற்று. வண்டலூருக்கு அந்த வண்டி வந்து சேர்ந்ததற்கும் அந்தச் சௌகரியம் ஓரளவு காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒரே கூடான வண்டியில் உலோகம் முழுவதும் ஒன்றாக நின்று எர்த்தாக வேலை செய்யும். ஹெரால்டிலோ ஒவ்வொரு துண்டுக்கும் இடையே பெயின்ட், ரப்பர், துரு. மின்சாரம் திரும்புவதற்குச் சில போல்ட்டுகளே கதி. போதாக்குறைக்கு, இரண்டு ஹெட்லைட்டும் அமர்ந்திருப்பது கவிழ்ந்து திறக்கும் பானெட்டில். ஒவ்வொரு தடவை ஆயில் பார்க்கத் திறக்கும்போதும் அந்த வயர்கள் வளைந்து நிமிர்கின்றன. ரேடியேட்டருக்கு அருகில் அவற்றை இணைக்கும் தோட்டா வடிவப் பித்தளை முனைகள் மழையிலும் சேற்றிலும் நனைகின்றன.

போடியில் ஜீப் வயரிங் பார்க்கும் முதிய எலக்ட்ரீசியன் ஒருவரிடம் வண்டியை முதன்முதலில் காட்டியபோது, அவர் பல்பைத் தொடக்கூட இல்லை. ஒரு வயரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை ஹெட்லைட்டின் உடம்பிலும் வைத்தார். மங்கிக் கிடந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“இந்தா பாருங்க தம்பி, பல்புல ஒண்ணும் கோளாறு இல்ல. எர்த்துதான் எடுக்கல” என்றார்.

“புது பல்பு போட்டா சரியாகும்னு சொன்னாங்களேண்ணே?”

“நூறு வாட்ஸ் போட்டாலும் இப்படித்தான் எரியும். வயருதான் சுடும்.”

பிறகு நான் மீட்டரை வைத்து அளந்து பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் பாட்டரியில் 12.4 வோல்ட், பல்பின் ஹோல்டரில் 10.6. காணாமற்போன 1.8 வோல்ட்டில் 1.1 எர்த் வழியிலும், மிச்சம் சுவிட்சுக்கும் பல்புக்கும் இடையிலும் தொலைந்தது. இதைச் சிறு நஷ்டமென்று கருதிவிடக் கூடாது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் மூன்றரை அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. ஆகவே ஏழில் ஒரு பங்கு அழுத்தம் போனால், வெளிச்சத்தில் 40 சதவீதம் போய்விடுகிறது. வளைவின் மறுபக்கத்தில் விழுந்து கிடக்கும் பாறையைக் காண்பதும் காணாததும் அந்த நாற்பதில் இருக்கிறது.

பித்தளை முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. “புளியப் போட்டுத் தேய்ச்சா போயிரும் தம்பி, குத்துவிளக்கு மாதிரி” என்றார் அதே அண்ணன். யோசனை சரிதான், புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். ஆனால் முனைக்குள் தங்கிவிட்ட அமிலம் மறுபடி களிம்பை உண்டாக்குமாதலால், பிறகு சோடா உப்புக் கலந்த வெந்நீரில் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, லேசாக வாசலின் தடவிப் பூட்டவேண்டும். வயரின் கம்பியே கறுத்துப்போயிருந்த இடங்களில் இந்த உபாயம் பலிக்கவில்லை. அங்கே கறுத்த பாகத்தை வெட்டிவிட்டுப் புதிய முனை வைத்து ஈயம் பற்றவைத்தேன். எர்த்தைப் பொறுத்தவரை, போல்ட்டுகளை மட்டும் நம்பியிராமல், இரண்டு ஹெட்லைட்டிலிருந்தும் தனித்தனியே கறுப்பு வயர் இழுத்து, சேஸிஸில் உப்புத்தாள் கொண்டு பளபளவென்று தேய்த்த ஓரிடத்தில் லக் வைத்துப் பூட்டினேன். சேஸிஸிலிருந்து பாட்டரிக்கும், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும் புதிய பட்டைகள். இந்த ஒரு காரியத்தோடேயே விளக்கு பாதிக்குமேல் குணமாகிவிட்டது.

எலி கடித்த பகுதிக்குப் புதிதாகவே வயரிங் செட் கட்ட நேர்ந்தது. பழைய செட்டை அறுக்காமல் முழுசாக எடுத்து, நீண்ட பலகையின்மேல் கிடத்தி, ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் ஆணி அடித்து, அதன் அச்சு அசலாகப் புதிய வயர்களை ஓட்டிக் கட்டினேன். மதுரையில் மல்லிகைச் சரம் தொடுக்கிறவர்களின் விரல்களுக்கு இருக்கிற சீரான இறுக்கம் இந்த வேலைக்கு வேண்டும். வயரின் பருமனில் கவனம் அவசியம். 0.30 மி.மீ. இழைகள் 14 கொண்ட மெல்லிய வயர் பார்க் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் போதும். அது தாங்குவது எட்டு ஆம்பியருக்குச் சற்று மேல். ஹெட்லைட்டுக்கு 28 இழை வேண்டும்; அது 17 ஆம்பியர் தாங்கும். டைனமோவிலிருந்து பாட்டரிக்குப் போகும் பழுப்பு வயருக்கு 44 இழை. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே வயரைக் காட்டினால் வாங்காதீர்கள். பின்னலுக்குப் பதிலாக, பசை இல்லாத டேப்பைச் சுற்றினேன். வெயில் அதை உருக்காது.

டைனமோவைப் பற்றிச் சொல்லாவிட்டால் விஷயம் முழுமை பெறாது. இன்றைய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதும் ஓரளவு மின்சாரம் தரும். அக்காலத்து டைனமோ தராது. கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும், டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு கண்விழிக்கும். வெளிச்சம் வேண்டிய அந்தக் கணத்தில் ஹெட்லைட் மஞ்சளாகும். பாட்டரி நல்ல நிலையில் இருந்து, எர்த்தும் இணைப்புகளும் சுத்தமாயிருந்தால், அந்த மங்கல் பொறுக்கத்தக்க அளவில் நின்றுவிடுகிறது. ஆல்டர்னேட்டரை மாட்டிவிடு என்று பலர் சொன்னார்கள். அது பாவமென்று நான் நினைக்கவில்லை. ஆயினும் டைனமோ சாகவில்லை. அதன் காமுடேட்டரைச் சுத்தம்செய்து, செப்புத் துண்டுகளுக்கிடையே மேலெழுந்திருந்த மைகாவை ஹாக்ஸா பிளேடின் துண்டால் கீழே இறக்கி, புதிய கார்பன் பிரஷ் வைத்து, கட்-அவுட் பெட்டியின் பாயின்ட்டுகளைத் துடைத்ததும் சரியாக சார்ஜ் ஏறத் தொடங்கியது.

பாட்டரி மாட்டுகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான பிரிட்டிஷ் வண்டிகளைப்போல் இதுவும் பாசிட்டிவ் எர்த். பழக்கத்தின் வசமாக யாரேனும் நெகட்டிவை உடம்பில் பூட்டிவிடக் கூடாதென்று, பானெட்டின் உட்புறம் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதியே ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஹெட்லைட்டுக்கு வருவோம். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு ஈரத்தில் கறுத்துவிட்டிருந்தது. கறுத்த ரிஃப்ளெக்டரின் முன் எத்தனை நல்ல பல்பை வைத்தாலும் வீண். இதற்கு லண்டனுக்கு எழுதவேண்டியதில்லை. ஹெரால்டின் விளக்கு ஏழங்குல வட்டம். அம்பாஸடருக்கும் ஜீப்புக்கும் அதே ஏழங்குலம்தான். போடியில் ஜீப் சாமான் விற்கும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். மேல்நாட்டிலிருந்து தருவித்துத்தான் ஆகவேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: வலப்பக்கம் செல்லும் தேசங்களுக்கென்று செய்த கண்ணாடியில், டிம் வெளிச்சம் வலப்பக்கமாக எழும்பி, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். நம் சாலைக்கு இடப்பக்கம் எழும்புவதே வேண்டும்.

பல்பின் வாட்ஸ் விஷயத்தில் என் அபிப்பிராயம் கண்டிப்பானது. இரண்டு 60 வாட்ஸ் பல்புகள் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட்ஸ் போட்டால் ஏறக்குறைய 17 ஆம்பியர். இவ்வகைச் சிறு வண்டிகளுக்கு வந்த சி40 டைனமோ நல்ல வேகத்தில் சுழலும்போதே தருவது 22 ஆம்பியர் அளவுதான். அதில் இக்னிஷனுக்கும் வைப்பருக்கும் பின்விளக்குக்கும் பங்கு போகவேண்டும். பழைய சுவிட்சின் வழியாக 17 ஆம்பியர் ஓடினால் சுவிட்சு கருகும். அதனினும் கொடுமை, எதிரே ஏறிவரும் ஜீப் டிரைவரின் கண்ணைக் குருடாக்குவது. நான் 60/55 பல்போடு நிறுத்திக்கொண்டேன். அக்காலத்து வண்டிகளில் ஹெட்லைட் வரிசைக்குப் பெரும்பாலும் ஃபியூஸே இருப்பதில்லை. ஒரு ஷார்ட் ஏற்பட்டால் டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை எழும். ஆதியில் இருந்தபடியே என்ற என் விரதத்துக்கு நான் அனுமதித்த பெரிய விலக்கு இது ஒன்றே: பிரைட்டுக்கு ஒன்றும் டிம்முக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே, இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ். மலைச்சாலையில் ஒரு ஃபியூஸ் போனாலும் மற்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ரிலே வைத்த பிறகு பல்பின் ஹோல்டரில் அளந்தபோது, பாட்டரிக்கும் அதற்கும் இடையே அரை வோல்ட்கூட வித்தியாசம் இல்லை.

பின்விளக்கும் இண்டிகேட்டரும் அதிகச் சிரமம் தரவில்லை. அவற்றுக்கும் எர்த்தே மருந்து. எல்.இ.டி. போட நினைப்பவர்கள், பழைய ஃபிளாஷர் பல்பு இழுக்கும் கரண்டின் சூட்டில் இயங்குவது என்பதையும், எல்.இ.டி.யின் சொற்பக் கரண்டுக்கு அது அசையாது என்பதையும், பாசிட்டிவ் எர்த் வண்டியில் சாதாரண எல்.இ.டி. எரியவே எரியாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

எல்லாம் பூட்டி முடிந்தாலும் விளக்கின் நோக்கைச் சரிசெய்யாவிட்டால் பிரயாசை அத்தனையும் வியர்த்தமாகும். சமதரையில் வண்டியைச் சுவருக்கு நேரே பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, ஓட்டுபவரின் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து, விளக்கின் மையம் தரையிலிருந்து எத்தனை உயரமோ அத்தனை உயரத்தில் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகவேண்டும். சாரல் மாதங்களில் போடிமெட்டுக்கு மேலே மூடுபனி இறங்கும்போது பிரைட் போட்டால், வெளிச்சம் முழுவதும் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்கிறது. தாழ்த்திய டிம்தான் சாலையின் ஓரத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஜீப் ஓட்டும் தம்பிமார்கள் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறையேனும் இந்தச் சுண்ணாம்புக் கோட்டுச் சோதனையைச் செய்வார்களாயின் எத்தனையோ நன்மை உண்டு. செலவு ஒரு காசும் இல்லை.

தேனி, போடி, கம்பம் பக்கங்களில் ஹெரால்டோ, எழுபதுகளில் அதன் வழித்தோன்றலாக வந்த கெஸலோ கொட்டகையில் நின்றிருக்குமானால், அதை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வண்டலூரில் ஸ்டாண்டர்டு கார் உற்பத்தி 1988-இல் நின்றுவிட்டது. விளக்கின் கண்ணாடி ஜீப் கடையில் கிடைத்தாலும், அதைச் சுற்றியுள்ள வளையமும் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியும் சுவிட்சும் இனிப் புதிதாக வரப்போவதில்லை. வண்டியை எடைக்குப் போட நேர்ந்தாலும், வயரிங்கை அறுக்காமல், விளக்குகளை உடைக்காமல் கழற்றி வைத்து, எனக்கு ஒரு சொல் எழுதுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.